குவெயில் பள்ளத்தில் பிடித்த பாம்பு

என் பெயர் லவோன் பிட்மன். வயது அறுபத்தேழு. காலஞ்சென்ற ஹார்லன் பிட்மனின் மனைவி. கலிபோர்னியா மாநிலம் சாண்ட் ஃபோர்க் ஊரில், மூடிப்போன பெட்ரோல் பங்குக்குப் பின்புறமுள்ள டிரெய்லர் வீட்டில் வசித்து வருகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. இன்று மாலை குவெயில் பள்ளம் வனவிலங்குக் காப்பு நிலத்தில், தலையணை உறைக்குள் பாம்பு ஒன்றை வைத்திருந்தபோது பிடிபட்டது குறித்து அந்த நிலத்தின் காவல் அதிகாரி பெனவிடஸ் கேட்டதன் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதைச் சொல்கிறேன்.

என் கணவர் ரோஸி போவா பாம்புகளை வளர்த்துக் குட்டி எடுத்து வந்தவர். கட்டைவிரல் பருமன், முதுகில் நீளவாக்கில் மூன்று ஆரஞ்சுப் பட்டை, யாரையும் கடிக்கத் தோன்றாத சோம்பேறிப் பிராணி. எனக்குப் பாம்பு பிடிக்காது. ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் பக்கத்தில் பாம்புகளுக்கு இரையாக உறைந்த எலிகளை வைத்துக்கொண்டு வாழ்ந்ததை என் சொந்தக்காரர்கள் இன்றும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அதன் வம்சம் எந்த மலையிலிருந்து வந்தது என்று எழுதி ஒட்டியிருப்பார். வம்சம் கலந்துவிடக் கூடாது என்று ஒரு மலையின் பாம்பை இன்னொரு மலையின் பாம்போடு சேர்க்க மாட்டார். வீட்டில் பிறந்ததைக் காட்டில் விடவும் மாட்டார். இந்த இரண்டு விஷயத்தில் மட்டும் அவரிடம் பேச்சுக்கே இடமில்லை. மற்றபடி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர்தான்.

குளிர்காலத்தில் பாம்புகளைப் பட்டினி போட்டுக் குளிரில் தூங்க வைத்து, வசந்தத்தில் எழுப்பினால்தான் இணை சேரும். கடந்த குளிர்காலத்தில் அவர் நோயில் படுத்துவிட்டார். வசந்தத்தில் அவர் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல, நான்தான் என் கையால் ஆண் பாம்பைத் தூக்கி பிஸ்கட் என்ற பெண் பாம்பின் பெட்டிக்குள் விட்டேன். பிஸ்கட்டின் வம்சம் அவர் சிறுவனாக இருந்தபோது குவெயில் பள்ளத்தில் பிடித்தது. அப்போது அது காப்பு நிலமாக ஆகியிருக்கவில்லை. கடைசி நாட்களில் பிஸ்கட் அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "லவோன், இவ உண்டாயிருக்கா. எலையுதிர் காலத்துல குட்டி போட்டுடுவா. பாத்துக்கோ" என்று சொன்னார்.

அவர் இறந்த பிறகு, அவருடைய அண்ணன் டுவைட் வந்து எனக்கு உதவியாக இருந்தார். சாம்பலைக் குவெயில் பள்ளத்தில் தூவுவது என்று முடிவு செய்தோம். டுவைட் சாம்பலை எடுத்துக்கொண்டு தன் வண்டியில் முன்னால் போனார். நான் பக்கத்து வீட்டுக்காரியின் காரில் பின்னால் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது, எனக்குச் சொல்லாமல் அவர் வண்டியில் ஏற்றி வந்திருந்த பாம்புப் பெட்டிகள் எல்லாம் திறந்து மண்ணில் கிடந்தன. எதிலும் பாம்பு இல்லை.

டுவைட் அழுதுகொண்டே, "அவன்கூடவே அதுங்களும் வீட்டுக்குப் போகட்டுமேம்மா. டப்பாக்குள்ளயே கெடந்து சாகணுமா?" என்றார்.

"எது வீடு? அதுங்க பொறந்ததே டப்பாலதான்! இடுக்கியில எலிய தொங்கவிட்டாத்தான் அது சோறுன்னே தெரியும்! வேற வேற மலையோட பாம்பெல்லாம் இப்ப ஒரே பள்ளத்துல! ஹார்லன் உயிரோட இருந்தா உன்னை இதே எடத்துல பொதச்சிருப்பாரு" என்று நான் கத்தினேன்.

அவர் ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இது தெரியாது. தம்பிக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். அவர் மேல் வழக்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் இருட்டும்வரை கல் கல்லாகப் புரட்டிப் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு வெயில் தாழும் நேரமெல்லாம் நான் மட்டும் போய்த் தேடினேன். மற்ற பாம்புகளை நான் தேடினேன் என்று சொன்னால் அது பொய். நான் தேடியது பிஸ்கட்டை. ஹார்லனுடைய கடைசிக் குட்டிகள் அதன் வயிற்றில் இருந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று சூரியன் இறங்கிய பிறகு, அவர் சாம்பலைத் தூவிய இடத்துக்கு மேலே, பிளந்த பாறை அடியில் இந்தப் பாம்பு படுத்திருந்தது. அதே ஆரஞ்சுப் பட்டை, அதே தடித்த வயிறு. கையில் எடுத்தேன், அப்படியே சுற்றிக்கொண்டது. பாறை மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அதிகாரி பெனவிடஸ் வந்தார். இது என் கணவரின் பாம்பு என்று அவரிடம் சொன்னேன். சொன்னபோது முழுமனதாக நம்பித்தான் சொன்னேன்.

அதிகாரி மரியாதையாக நடந்துகொண்டார். அலுவலகத்தில் காப்பி கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "இது உங்க வீட்டுப் பாம்புதான்னு நீங்க உறுதியா சொன்னாப் போதும்மா. அப்படியே எழுதி, உங்ககிட்டயே குடுத்து அனுப்பிடறேன்" என்றார்.

சொல்வதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று விளக்கடியில் தலையணை உறையைத் திறந்தேன். பிஸ்கட் குட்டியாக இருந்தபோது பெட்டி மூடி அதன் வாலில் விழுந்து, நுனி நசுங்கி ஒரு பக்கமாக வளைந்தே வளர்ந்தது. இந்தப் பாம்பின் வால் நேராக, பழுதில்லாமல் இருந்தது. தடவிப் பார்த்தேன். மறுபடியும் தடவிப் பார்த்தேன்.

"என்னம்மா, எழுதட்டுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"இது எங்களோடது இல்ல தம்பி. இது இந்தப் பள்ளத்துப் பாம்பு. இதுக்கு வீடு இருக்கு" என்று சொன்னேன்.

பிஸ்கட் இனி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். காப்பு நிலத்தில் காட்டுப் பாம்பைப் பிடித்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். விடிந்ததும் இதை அதே பிளந்த பாறையடியில், வேறெங்கும் இல்லாமல் அங்கேயே, கொண்டுபோய் விடும்படி கேட்டுக்கொள்கிறேன். இதன் வயிற்றிலும் குட்டிகள் இருக்கின்றன.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில் அதிகாரி நிறுத்தி, இந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாம்பு என்னுடையதல்ல என்ற அந்த வரி உட்பட, இதில் உள்ள அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
லவோன் பிட்மன்