வாட்ச்மேன் போடும் ஹார்ட்டு

ஆம்பூரிலிருந்து புறப்பட்ட பஸ்ஸின் பின்பாதியில் அன்று இருந்தவர்கள்: ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள், மடியில் சைக்கிள் டயரோடு ஒரு பெரியவர், நான்.

இளையவள் சொன்னாள்: "எம் பொண்ணுக்கு தினம் வாட்ச்மேன்தான்க்கா ஹார்ட்டு போடறாரு."

டயர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடி சொல்ற?" என்றாள் மூத்தவள்.

"ஸ்கூல்ல போன்ல பாக்கற ஆப்பு ஒண்ணு குடுத்திருக்காங்க. புள்ளைங்க வரையறது, பாடறது எல்லாம் மிஸ்ஸு அதுல போடுவாங்க. நாம பாத்து ஹார்ட்டு போடணும். நம்ம போனத்தான் காலைலயே கம்பெனி கேட்ல வாங்கி வெச்சிக்கிறாங்களே. 'எங்கம்மா மட்டும் பாக்கல'ன்னு கிளாஸ்ல அழுதிச்சாம். அதான் லாக் நம்பர் குடுத்து, அவர அமுத்தச் சொல்லிட்டேன்."

வேறு ஆளிடம் லாக் நம்பரைக் கொடுக்கலாமா என்று எனக்குத்தான் பதறியது.

"நல்லதுதானேடி?"

"இன்னா நல்லது! வீட்டுக்குப் போய் 'இன்னிக்கு இன்னா பாடுன, பாடு'ன்னா, 'அதான் நீ பாத்துட்டன்னு மிஸ்ஸு சொன்னாங்களே'ன்னு விளையாட ஓடிடுது. சாயங்காலம் கேட்ல போன திருப்பி வாங்கறப்ப அவருதான் ரெண்டு அடி பாடிக் காட்டறாரு."

"குடுத்து வெச்சவன்" என்று மூத்தவள் சிரித்தாள்.

இளையவள் சிரிக்கவில்லை. போனில் மகளின் பாட்டைப் போட்டு, காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைலேர்ந்து அமுத்தவேணாம்னு சொல்லிடு."

"அமுத்தலன்னா அழுவுதேக்கா."