கன்னம் உப்பிய கண்ணாடி யானை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓவியக் கல்லூரி முதல்வர் அவர்களே, அகவையிலும் அன்பிலும் மூத்த பெரியோர்களே, "எதையும் தொட்டுடாத" என்று பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்திருக்கும் தாய்மார்களே, அந்தப் பிடியிலிருந்து நழுவப் பார்க்கும் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் இந்த நுரையீரல் மருத்துவனின் வணக்கம்!

கண்ணாடிக் கண்காட்சியில் மருத்துவனுக்கு என்ன வேலை? சிரிக்காதீர்கள், வாசலில் காவலரும் அதைத்தான் கேட்டார். சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

சற்று நேரத்தில் அந்தக் கதவு திறக்கும். குடை பிடித்த மீனைக் காண்பீர்கள்; கொட்டாவி விடும் கெட்டிலைக் காண்பீர்கள்; மூக்குக்கண்ணாடி போட்ட நத்தையைக் காண்பீர்கள். அத்தனையும் மூச்சால் ஊதி உருவானவை. யாருடைய மூச்சால்?

சென்ற ஆண்டு நம் கலைஞரின் வலது நுரையீரலில் ஒரு பகுதியை அகற்றினோம். "இனி நீங்கள் ஊதக் கூடாது" என்றேன். முப்பது ஆண்டுகள் நூல் பிடித்தாற்போல் நேரான பூச்சாடிகளை ஊதியவர் அவர். நேரே வீட்டுக்குப் போய் கண்ணாடி உருக்கும் உலையை அணைத்தார். சோறு குறைந்தது, பேச்சு நின்றது, பரிசோதனைக்கும் வரவில்லை.

ஒரு பிற்பகல் நானே தேடிப் போனேன். பட்டறையில் உலை எரிகிறது! கோபம் தலைக்கேற உள்ளே நுழைந்தேன். அவரோ ஜன்னலோரம் நாற்காலியில் இருக்கிறார். இரும்புக் குழலை வாயில் வைத்திருந்தவர் அவர் மனைவி! பேருந்து நடத்துநர், பணி முடிந்து சீருடைகூட மாற்றவில்லை.

"என்னம்மா இது?"

"பதினெட்டு வருஷமா பஸ்ல விசில் ஊதறேன் டாக்டர், இதை ஊத மாட்டேனா? இவர் சொல்லட்டும், நான் ஊதறேன்."

"மெதுவா... இன்னும் மெதுவா..." என்று அவர் சொல்லச் சொல்ல, குழல் நுனியில் ஒரு யானைத் தலை உருண்டு வந்தது. திடீரென்று அம்மா சிரித்துவிட்டார். யானையின் இடது கன்னம் உப்பிவிட்டது!

"இப்ப எதுக்குச் சிரிச்ச? எல்லாம் போச்சு!"

"ஊதறது நானு, கூடவே உங்க கன்னத்தை உப்பவெக்கறது நீங்க! சிரிப்பு வராதா?"

உடைத்துப் போடச் சொன்னார். அம்மா விடவில்லை. "இருக்கட்டுமேங்க. மிட்டாயத் திருடி வாயில ஒதுக்கின மாதிரி இருக்கு."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார் ஐயா, சிரித்தார்! அறுவைக்குப் பின் அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். "அப்ப காதையும் கொஞ்சம் கோணலா வெப்பமா?" என்றார். பூச்சாடிக்காரரின் பட்டறையில் குறும்பு குடியேறியது அப்போதுதான்.

நேற்று இங்கே பெயர் அட்டைகள் எழுதினார்கள். இருவர் பெயரையும் போடச் சொன்னார் கலைஞர். "நான் காத்து மட்டும்தானே குடுத்தேன்" என்று தன் பெயரை அடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார் அம்மா.

காற்று மட்டுமா? அந்தக் காற்று மட்டும் கிடைத்தால் போதும் என்று என் கையைப் பற்றிக் கெஞ்சியவர்களை இருபத்தாறு ஆண்டுகளாகப் பார்த்தவன் கேட்கிறேன், காற்று மட்டுமா? அணைந்த உலையை மூட்டியது எது? அடங்கிப்போன மனிதரை எழுப்பி உட்காரவைத்தது எது? மட்டும் என்று சொல்ல உங்களுக்கு எப்படியம்மா மனம் வந்தது?

ஆகவே இன்று காலை அட்டைகள் அத்தனையையும் மாற்றினோம். எழுதியவர் கணவர், ஒட்டியவன் நான்.

அதோ, அம்மா எழுந்துவிட்டார். கதவை நோக்கித்தான் நடக்கிறார். தலைவர் அவர்களே, திறப்பு விழா இரண்டு நிமிடம் பொறுக்கட்டும். அவர் பெயரை அவரே முதலில் படிக்கட்டும். நாம் பின்னால் போவோம். வழிவிட்டு நிற்கும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும்!