தொண்ணூற்றேழாம் நாள்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? எனக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும். நன்றி. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவசரப்படுத்தாமல் கேட்கிறீர்கள். நானும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். இவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்து என் பேச்சை யாரும் கேட்டதில்லை.

முதலில் என் தொழிலை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். குடியை விட நினைக்கிறவர்களுக்காக உள்ளங்கை அளவில் ஒரு கருவி செய்தேன். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை அதில் ஊத வேண்டும். ஊதும்போது போன் படம் எடுத்துக்கொள்ளும், ஆள்மாறாட்டம் நடக்காது. மூச்சில் மது எவ்வளவு என்ற எண் நேராக என் கணினிக்கு வரும். ஆரம்பத்தில், இருமல் மருந்து குடித்த ஒரு மனுஷனைக்கூட அது குடிகாரன் என்று காட்டிக்கொடுத்து, அந்த வீட்டில் அடிதடியே ஆகிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் நானே பார்த்து, தப்பாகத் தெரிந்தால் திருத்தி, அதன் பிறகுதான் ஊதியவருக்கும் அவர் வீட்டாருக்கும் அனுப்புவேன். தப்புச் செய்யாதவர்களைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. தொடர்ந்து நூறு நாள் பூஜ்யம் வந்துவிட்டால் கருவியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கூடவே ஒரு பேச்சுத் துணையும் உண்டு. குடிக்கத் தோன்றும்போது போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் பெண்குரல் ஒன்று பேசும். கணினியே யோசித்துப் பேசுகிறது என்று விளம்பரத்தில் போட்டேன். நிஜத்தில் அதற்கு அவ்வளவு சாமர்த்தியம் போதவில்லை. "கை நடுங்குதுங்க" என்று ஒருவர் அழுதபோது, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றது. அதனால் பதில்களை நானே தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். குரல் மட்டும்தான் கணினியுடையது. அதை நான் பொய்யாக நினைக்கவில்லை.

லிஃப்ட்காரர் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த கை. குடி தாங்காமல் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நூறு நாள் குடிக்காமல் இருந்து காட்டினால் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எண்கள் அவள் போனுக்கும் போகும்.

முதல் வாரத்திலேயே அவர் கேட்டார்: "என்னம்மா தங்கச்சி, நோட்டீஸ் படிக்கிற மாதிரியே பேசுற? கொஞ்சம் மனுஷங்க மாதிரிதான் பேசேன்." அன்றிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி. மதியம் ஏதாவது ஒரு கட்டிடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்ததும் பொத்தானை அழுத்துவார். குடிக்கத் தோன்றி இல்லை, சும்மா பேசத்தான்.

"சாப்பிட்டியாம்மா?"

"மெஷின் சாப்பிடாதுங்கண்ணா."

"தெரியும். இருந்தாலும் கேக்காம எப்படிச் சாப்பிடறது?"

என் அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். அந்தக் கேள்வியை என்னிடம் கடைசியாகக் கேட்டது யார் என்று நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு அழுதேன். அதன் பிறகு அவர் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்டால்தான் நானும் என் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

தொண்ணூற்றேழாம் நாள் மதியம் அவர் குரலில் சந்தோஷம் பொங்கியது. "தங்கச்சி, இன்னும் மூணே நாள். உங்க அண்ணி பெட்டியெல்லாம் கட்டிட்டா. மெஷினைத் துடைச்சு அனுப்பிடறேன். உன்னை மறக்கவே மாட்டேம்மா."

மறக்க மாட்டேன் என்று சொல்கிறவர்கள் போகப்போகிறவர்கள்தான். எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் அவர் ஊதினார். பூஜ்யம் வந்தது. வேறு ஒரு எண்ணை அடித்து அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"ஒரு சொட்டு தொடலம்மா" என்று கதறினார். "ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்துக் காட்டட்டுமா?"

"அதுக்குள்ள ரத்தத்துல போதை இறங்கியிருக்கும்ணா. அதையும் நம்ப மாட்டாங்க. என்கிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"மெஷினுக்கு உங்கமேல என்ன பகை?" என்று மனைவி கேட்டாளாம். கட்டின பெட்டியை அவள் பிரித்துவிட்டாள். அவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். முன்னைவிட அதிகமாக என்னோடு பேசினார். மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கின மார்க், பழைய லிஃப்டின் இரும்புக்கயிறு போடும் சத்தம், எல்லாம் எனக்குத்தான் முதலில் சொல்வார். மனதாரச் சொல்கிறேன், எங்கள் இருவருக்கும் அவை நல்ல நாட்கள்.

இரண்டாவது தடவை தொண்ணூற்று மூன்றாம் நாள் மாற்றினேன். அதற்குப் பிறகு அவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டிலிருந்த மருந்துப் பாட்டில்களைத் தூக்கிப் போட்டார். பெயின்ட் வாசனை வரும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். "தூக்கத்துல எழுந்து போய் குடிக்கிறேனாம்மா?" என்று ஒருநாள் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை தொண்ணூற்றைந்தாம் நாள். அதற்கு மேல் அவர் மனைவி பொறுக்கவில்லை. இனிமேல் போன் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவர் பொத்தானை அழுத்தினார். ஏழு மாடிக் கட்டிடம் ஒன்றில் வேலையில் இருந்தார். "ஊரே நம்பலன்னாலும் பரவாயில்ல தங்கச்சி. நீ ஒருத்தி நம்புறியா?"

ரொம்ப நேரம் யோசித்துத்தான் பதில் அடித்தேன். "குடிக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான்ணா சொல்வாங்க. ஆனா நான் உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன்."

ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்திருக்கிறார். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பார்க்காமலே காலை எடுத்து வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருட அனுபவக்காரர் செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். இல்லைதான். பிரேதப் பரிசோதனையில் ஒரு சொட்டு மதுகூட இல்லை என்று வந்ததால்தானே என்னைத் தேடிக்கொண்டு வந்தீர்கள்? கடைசிவரை அவர் ஊதியதெல்லாம் பூஜ்யம்தான் என்று நானே சொல்லியிருப்பேனே.

அவர் செத்த நான்காம் நாள் அவருடைய போனிலிருந்து பொத்தான் அழுத்தப்பட்டது. அவர் மனைவி.

"நீதான் தங்கச்சியா? எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவர் நிஜமாவே குடிச்சாரா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் கதி என்ன? நம்பாமல் போனேனே, நம்பாமல் போனேனே என்று ஆயுசு முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆமாம் அண்ணி, குடிச்சார்" என்றேன். அவள் அழுதாள். அழுத பிறகு கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. மறுநாளும் கூப்பிட்டாள். இப்போது தினமும் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, நாலு மணிக்குக் கூப்பிடுகிறாள். தையல் மெஷின் மக்கர் செய்ததைச் சொல்வாள், மகள் இன்னும் அப்பாவைக் கேட்பதைச் சொல்வாள். நான் பொறுமையாகக் கேட்பேன்.

பரிசோதனை அறிக்கை இன்னும் அவள் கைக்குப் போகவில்லை என்றீர்கள். அப்படியே இருக்கட்டும், தாங்க மாட்டாள். எண்ணை மூன்று முறை மாற்றியது நான்தான். அவர் செத்தது அதனால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மணி மூன்றே முக்கால் ஆகிவிட்டது. என் கணினியை ஒரு பத்து நிமிடம் மட்டும் கொடுங்கள். பாவம், அண்ணிக்கு என்னை விட்டால் யாருமே இல்லை.