மீட்பு மன்றத்தின் ஒரே நிகழ்வு

எங்கள் பள்ளியில் நடன மன்றத்துக்கு இரண்டு ஜன்னல் வைத்த அறை. மீட்பு மன்றத்துக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால்தான் நாங்கள் உள்ளேயே ஹெல்மெட் போட்டுக்கொள்கிறோம் என்று துவான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். துவான் மன்றத்தின் செயலாளர். தலைவர் நான். ஃபெர்னே, பதினேழு வயது, கடைசி வகுப்பு. இதெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், மேடம். இருந்தாலும் முறையாகத் தொடங்கிவிடுகிறேன். எங்கள் குறிப்பேட்டில் அப்படித்தான் பழக்கம்.

பெனியா நெக்ரா நிலக்கரி ஊர். மலையில் எங்கே கால் வைத்தாலும் அடியில் யாரோ தோண்டிவிட்டுப் போன சுரங்கம் இருக்கும். அதனால் பள்ளியில் ஒரு மீட்பு மன்றம் வேண்டுமென்று மூன்று வருஷத்துக்கு முன்னால் முடிவு செய்தார்கள். ஆரஞ்சு மேலங்கி பன்னிரண்டு, நாற்பது மீட்டர் கயிறு, ஒரு ஸ்ட்ரெச்சர், ஆளுக்கொரு விசில் எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு மன்றமும் அக்டோபர் கடைசியில் தலைமையாசிரியையிடம் ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். அதில் 'உண்மையான நிகழ்வு' என்று ஒரு பக்கம் உண்டு. நடன மன்றம் அந்தப் பக்கத்தில் போட்டிப் படங்களை ஒட்டும். பாட்டு மன்றம் பிஷப் வந்தபோது பாடியதை எழுதும். எங்கள் பக்கம் மூன்று வருஷமாகக் காலி. இந்த வருஷம் தலைமையாசிரியை கிரசியேலா மிஸ் என்னைக் கூப்பிட்டார்கள்.

"மீட்பு மன்றம்னு பேரு வச்சிருக்கீங்க. இதுவரைக்கும் யாரையாவது மீட்டிருக்கீங்களா?"

"யாரும் மாட்டிக்கல, மிஸ்."

"அது உங்க பிரச்சினை, ஃபெர்னே. இந்தத் தடவையும் பக்கம் காலியா இருந்தா, கயிறு, மேலங்கி எல்லாத்தையும் விளையாட்டு சார்கிட்ட ஒப்படைச்சிடு. அந்த இடத்துல நடனக்காரங்க ஷூ வச்சுக்கட்டும்."

அவர்கள் கோபமாகச் சொல்லவில்லை. நானும் கோபப்படவில்லை. சொன்னதில் நியாயம் இருந்தது. யாரும் மாட்டிக்கொள்ளாதது எங்கள் பிரச்சினைதான். நான் அதைத் தீர்க்க முயன்றேன்.

எனக்கு ஆடத் தெரியாது, பாடத் தெரியாது, பந்து என் காலுக்கு வந்தால் எதிரணிக்குப் போகும். என்னைத் தலைவர் என்று யாராவது கூப்பிட்டார்கள் என்றால் அது அந்தப் பொந்துக்குள்தான். ஒரு மன்றம் என் காலத்தில் செத்தது என்று இருக்கக்கூடாது. இவ்வளவுதான் என் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமென்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை.

மரிசெல் ஆகஸ்டில் வந்து சேர்ந்தாள். பதினைந்து வயது, வேறு ஊர்க்காரி. அவளுடைய அம்மா பள்ளி வாசலில் கறி அடைத்த எம்பனாடா பலகாரம் பொரித்து விற்பார். பாட்டு மன்றத்தில் அவளை வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். கூடைப்பந்து மன்றத்தில் பையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நாடக மன்றத்தில் திரை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. எங்களிடம் வந்தாள். நாங்கள் யாரையும் வேண்டாமென்று சொல்கிற நிலையில் இல்லை.

பயிற்சியில் அடிபட்டவராக இருப்பது எப்போதும் புதிதாகச் சேர்ந்தவர்தான். அதற்குப் பிறகுதான் மேலங்கி. ஒரே விதி: யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது. தலைவர் மூன்று முறை விசில் அடித்த பிறகுதான் குரல் கொடுக்கலாம். அடிபட்டவர் உடனே 'இங்கே இருக்கேன்' என்று சொல்லிவிட்டால் தேடுகிறவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள். நல்ல விதி. எழுதியவன் நான்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு அவளை மலைக்குக் கூட்டிப்போனேன். பழைய சுரங்கத்துக்குக் காற்று போவதற்காகத் தோண்டிய குழிகள் நான்கு இருக்கின்றன. மூன்றாவது குழி ஏழு மீட்டர் ஆழம். அடியில் உட்கார்ந்து சாய்ந்துகொள்ள இடமிருக்கிறது. முதலில் மெழுகுவர்த்தியைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். அணையாமல் எரிந்தது. காற்று நல்ல காற்று என்று அர்த்தம்.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

"சாயங்காலம் வரைக்கும்."

"நான் நடிக்கணுமா?"

"வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

"அது எனக்கு நல்லா வரும்," என்றாள்.

இறங்கினாள். கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன். கயிறு தொங்கினால் அப்புறம் தேடுவதற்கு என்ன இருக்கிறது.

என் திட்டத்தில் ஒரு தவறும் இல்லை. மற்றவர்களுக்கு இது பயிற்சி என்றே தெரியாது. நான்கு மணிக்கு ஒரு பெண்ணைக் காணவில்லை என்று சொல்வேன், ஆறு மணிக்குக் கண்டுபிடிப்போம், படம் எடுப்போம். ஆனால் மூன்றரைக்கே அவள் அம்மா பள்ளிக்குள் வந்துவிட்டார். புதன்கிழமைகளில் மகள் வந்து மாவு தேய்ப்பாளாம். எனக்குத் தெரியாது. யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்கள். ஐந்து மணிக்குப் பாதி ஊர் மலையில் இருந்தது.

தீயணைப்புத் தலைவர் எலிசேயோ மூன்றாவது குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, "மரிசெல், கண்ணு, கேக்குதாம்மா?" என்று நாலைந்து தடவை கூப்பிட்டார். டார்ச்சும் அடித்தார். அவள் சாய்ந்திருந்த இடம் பக்கவாட்டில் உள்வாங்கியது, மேலிருந்து தெரியாது. பதில் இல்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். விசில் கழுத்தில் இருந்தது.

ஏன் அப்போதே ஊதவில்லை என்று கேட்டீர்கள். ஊதியிருந்தால் எலிசேயோவின் ஆட்கள் இரண்டு நிமிஷத்தில் அவளைத் தூக்கியிருப்பார்கள். கோப்பில் என்ன எழுதுவது? 'தீயணைப்புத் துறையினர் மீட்டனர், மன்றத்தினரும் உடனிருந்தனர்' என்றா? அவர்கள் போனபிறகு ஊதலாம் என்று நினைத்தேன். அன்று அவர்கள் மலையை விட்டே போகவில்லை. அடுத்த குழிக்கு நகர்வதற்கு முன் எலிசேயோ வெள்ளைப் பெயின்டால் குழியோரப் பாறையில் பெருக்கல் குறி போட்டார். எங்கள் ஊரில் அதற்குப் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். குறி போட்ட இடத்தை யாரும் மறுபடி பார்க்கமாட்டார்கள். பார்த்தால் குறி போட்டவரை அவமதித்த மாதிரி.

வியாழன் காலையில் நான் தனியாகப் போனேன். ஒரு பையில் நான்கு அரேப்பா ரொட்டி, ஒரு பாட்டில் வெல்லத் தண்ணீர், ஒரு கம்பளி போட்டு இறக்கினேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"ஃபெர்னே, நேத்து என்னென்னவோ பேர் வந்து கூப்பிட்டாங்க. நான் வாயே திறக்கல."

"நல்லது."

"மேலங்கி உண்டுதானே?"

"உண்டு."

"அப்ப கயிறைப் போடு."

"இன்னும் முடியல."

"விளையாடாத. அம்மா என் தோலை உரிச்சிடுவாங்க."

"அம்மாகிட்ட சொல்லியாச்சு."

"நிஜமாவா? என்ன சொன்னாங்க?" என்றாள்.

"பெருமையா இருக்குன்னு சொன்னாங்க."

உண்மையில் அவள் அம்மா பள்ளி வாசலில் அடுப்பை மூட்டாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நீங்கதான் தலைவராம் தம்பி. கண்டுபிடிச்சிடுவீங்கல்ல?" என்றார். கண்டுபிடித்துவிடுவோம் என்றேன். அது பொய் இல்லை. அவருக்கு அந்த நேரத்தில் அப்படி உறுதியாகச் சொல்லக்கூடியவன் ஊரில் நான் ஒருவன்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் அவளை மேலே எடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கிரசியேலா மிஸ் மன்றப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். முதல்முறையாக எங்களை அவர்களுடைய அறையில் உட்காரச் சொன்னார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார்களாம்.

"பசங்களா, உங்களைத்தான் காட்டுவாங்க. மேலங்கியெல்லாம் துவைச்சுத் தேய்ச்சுப் போட்டுட்டு வாங்க. பள்ளிக்கூடப் பேரு சரியாத் தெரியணும்."

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான். அரேப்பா இருந்தது. கம்பளி இருந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மலைப் பாதைகள் எங்களுக்குத்தான் அத்துப்படி என்பதால், யார் எந்தப் பக்கம் தேடுவது என்று பிரித்துக் கொடுக்கும் வேலையை எலிசேயோ என்னிடம் விட்டிருந்தார். மூன்றாவது குழி இருக்கிற மேற்குச் சரிவை நான் எடுத்துக்கொண்டேன். துவானை ஆற்றுப் பக்கம் அனுப்பினேன். அவன் வழி மாறி என்னிடமே வந்து நின்றான்.

"மச்சி, மூணாவது குழிப் பக்கம் யாரோ கத்துற மாதிரி இருக்குடா."

"ஆந்தை."

"பட்டப்பகல்லயா? அதுவும் மழையில?"

"எலிசேயோ குறி போட்டிருக்காருல்ல."

குறி என்றதும் அடங்கிவிட்டான். "ஆமால்ல," என்று சொல்லி ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனான். அவனை விசாரிக்காதீர்கள், மேடம். அவன் பழக்கப்படி நடந்துகொண்டான்.

கத்தியது அவள்தான். வியாழக்கிழமை அவள் விதியை மீறினாள். அதை நான் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கோப்பிலும் எழுதவில்லை.

வெள்ளியும் மழை. என் அப்பா இருபத்திரண்டு வருஷமாகச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: விடாமல் மழை பெய்தால் பழைய சுரங்கம் மூச்சு விடும். உள்ளே கிடக்கிற கெட்ட காற்று கிளம்பி, பள்ளத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பவும் வேண்டாம்.

வெள்ளி நான்கு மணிக்குப் போய் மெழுகுவர்த்தியை இறக்கினேன். அடியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அணைந்தது. மேலே இழுத்து, பற்றவைத்து, திரும்ப இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது.

"ஃபெர்னே," என்றாள். குரல் தூக்கக் கலக்கத்தில் இருப்பவள் குரல் மாதிரி இருந்தது. "தலை வலிக்குது."

"நாளைக்குப் பத்து மணி," என்றேன்.

"சரி," என்றாள்.

வீட்டுக்குப் போய் மேலங்கியைத் தேய்த்தேன். காலர் மட்டும் நிற்கவில்லை. இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை தொலைக்காட்சி வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் தாமதம். பிறகு நான் மூன்றாவது குழிக்கு அவர்களைக் கூட்டிப்போய், இதை மறுபடி ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். மூன்று முறை விசில் அடித்தேன். பதில் வரவில்லை. வராதது படத்துக்கு நன்றாகவே இருந்தது என்று அந்தக் கேமராக்காரர் பிற்பாடு சொன்னார். துவான் முடிச்சுகளை ஒரு பிசகில்லாமல் போட்டான். நான் இறங்கினேன். ஸ்ட்ரெச்சரோடு அவள் மேலே வர நான்கு நிமிஷம் இருபது விநாடி. எங்கள் மன்றத்தில் அதுவரை யாரும் ஆறு நிமிஷத்துக்குள் முடித்ததில்லை.

கிரசியேலா மிஸ் அழுதுகொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அம்மா எங்கள் ஒவ்வொருவர் கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நன்றி சொன்னார். பன்னிரண்டு மேலங்கியில் ஒன்று மிச்சமிருந்தது. அடக்கத்தன்று அதை அவளுடைய சவப்பெட்டியின்மேல் போர்த்தச் சொன்னேன். சொன்னபடி கொடுத்தேன். சனிக்கிழமை குழியோரத்தில் எலிசேயோ மட்டும் தான் போட்ட பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர்மேல் தவறில்லை. யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை கோப்பைக் கொடுத்தேன். புதன்கிழமையிலிருந்து நடந்ததை மணிவாரியாக எழுதியிருந்தேன். யார் இறக்கியது, எந்தக் குழி, எத்தனை மீட்டர், என்ன சாப்பாடு, மெழுகுவர்த்தி எங்கே அணைந்தது எல்லாம். நிகழ்வு உண்மையானதாக இருக்க வேண்டும் என்றுதானே தலைப்பு. எங்கள் பள்ளியில் கோப்பை யாரும் படிப்பதில்லை. பக்கம் நிறைந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து முத்திரை குத்துவார்கள். எங்களுடையதுக்கும் குத்தினார்கள். 'மிகச் சிறப்பு' என்று எழுதியிருந்தது. மூன்று வாரம் கழித்து மாவட்டத்திலிருந்து வந்த ஒரு அலுவலர் பஸ் வரும்வரை பொழுதுபோகாமல் அதை எடுத்துப் படித்திருக்கிறார். மன்றத்தின் கோப்பைக் கடைசிவரை படித்த முதல் ஆள் அவர்தான்.

ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மரிசெலைக் குழியில் இறக்கியது நான். கயிற்றை எடுத்தது நான். புதன்கிழமை ஊதியிருந்தால் பிழைத்திருப்பாள், வியாழனும்தான். வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி அணைந்தபோது அவள் உயிரோடு இருந்தாள், கீழே நிற்கிற காற்று என்ன காற்று என்று எனக்குத் தெரியும், கூப்பிடு தூரத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் பத்து மணி என்றேன். இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

ஒரே ஒரு திருத்தம். முதல் பக்கத்தில் உங்கள் தட்டச்சர் என் பெயருக்கு நேரே 'ஒளித்து வைத்தவர்' என்று அடித்திருக்கிறார். அது சரியில்லை, மேடம். அதை நீக்கிவிட்டு 'கண்டுபிடிக்க இருந்தவர்' என்று போடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.