பின்வாசல் வியாபாரம்

புளியங்குடி பஸ் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டை விட்டு நகருவேனா என்றது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் திடீரென்று சொன்னாள்.

“ஏட்டி கோமதி, ஒன் வீட்டு மாடியைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. சொல்லாம இருக்க முடியல.”

“ஏங்க்கா?”

“கொரோனாவுல ஜவுளிக்கடையெல்லாம் அடைங்கன்னாங்க. நாங்க அடைச்சோம். நீங்க பின்வாசல் வழியா கல்யாணச் சேலை வித்தீங்க. இன்னைக்கு நீ மாடி கட்டிட்ட. எங்க கடை போயி, அவரு இன்னொருத்தன் கடையில சேலை மடிக்காரு.”

கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அந்தப் பின்வாசல்ல வந்த கூட்டத்துலதானக்கா எங்க வீட்டுக்காரருக்கு ஒட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனவரு அங்கேயே செத்துட்டாரு. முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டல.”

மூத்தவள் அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை.

“அது சரிட்டி. எங்க வீட்டுக்காரரு மட்டும் நல்லாவா இருக்காரு? தினமும் வாசல்ல உக்காந்து ஒன் மாடியைப் பார்த்துப் பார்த்துதான் சோறு திங்காரு.”

“திங்கவாவது இருக்காருல்லாக்கா” என்றாள் கோமதி.