அரை இஞ்சு இறக்கம்

— கத்தரிக்கோலைக் கீழ வைங்க. முதல்ல வாசலைப் பாருங்க, யாராவது வர்றாங்களான்னு.

— என்னம்மா இது, என் கடையில நான் துணி வெட்டறதுக்குத் திருடன் மாதிரி எட்டிப் பாக்கணுமா?

— சாம்பல் கட்டம் போட்ட இந்தத் துணி ஒரே ஒரு ஸ்கூலுக்குத்தான் போகுது. எங்க கவர்மென்ட் ஸ்கூலுக்கு நீலம். டீச்சர் புருஷன் தன் பொண்ணுக்குச் சாம்பல் வெட்டறாருன்னு ஒருத்தர் பாத்தாப் போதும்.

— அந்தப் பிரைவேட்டுக்கு மூணு வருஷமா துணி போடறதே நான்தான். நான் வெட்டாம பால்காரரா வந்து வெட்டுவாரு?

— விளையாடாதீங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. குட்டிக்கு ரெண்டு செட்டாவது வேணும்.

— திங்கட்கிழமை உன் ஸ்கூலும்தான் திறக்குது. இந்தா, நீலத் துணி. சாயம் போகாது, சுருங்காது. கை வச்சுப் பாத்துச் சொல்லு.

— மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. அங்க இடம் கிடைச்சாச்சு.

— கிடைச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? அந்தப் பிரின்சிபால் அம்மா ஃபீஸைச் சொன்னாங்க. நான் பழக்க தோஷத்துல "ரவுண்டாச் சொல்லுங்கம்மா"ன்னுட்டேன். மேஜைக்கு அடியில நீ மிதிச்ச மிதியில கால் நகம் இன்னும் கறுப்பாக் கிடக்கு.

— அதோட விட்டீங்களா? எழுந்து வேற போனீங்க! கதவு வரைக்கும்!

— எழுந்து போனாத்தான்மா திரும்பக் கூப்பிடுவாங்க. இருபது வருஷமா கஸ்டமர் என்கிட்ட அதைத்தானே பண்றான்.

— கூப்பிட்டாங்களா?

— இல்ல. அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.

— நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். சரி, வெட்டுங்க.

— வெட்டறேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டுத்தான் வெட்டுவேன். இந்தக் கடையை எங்கப்பா என் கையில கொடுத்தப்ப ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாரு. விக்கற துணியைத்தான் வீட்டுல உடுத்தணும். அம்மா எந்த ரோல்லேர்ந்து கட்டியிருக்காங்கன்னு பாத்துட்டு அதையே வெட்டச் சொல்ற கஸ்டமர் இன்னைக்கும் இருக்காங்க. நீ என்ன பண்றே? வெயில்ல தெருத்தெருவாப் போய், வாசல் வாசலா நின்னு, "எங்க ஸ்கூல்ல சேருங்க, எங்க ஸ்கூல்ல சேருங்க"ன்னு கூவிக் கூவி வித்துட்டு, உன் பொண்ணுக்கு மட்டும் எதிர்க்கடையில எடுக்கறே.

— ஸ்கூலும் துணியும் ஒண்ணா?

— எனக்கு ஒண்ணுதான். ஊர்ல எல்லாரும் "கடைக்காரன் கஞ்சன், அதான் பொண்ணை கவர்மென்ட்ல போடணும்கறான்"னு நினைக்கறாங்க. நினைச்சுட்டுப் போகட்டும்.

— முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. ஒண்ணாம் வகுப்புல பதினஞ்சு பேர் இல்லேன்னா வகுப்பை மூடிடுவாங்க. ஒண்ணாம் வகுப்பு போனா அடுத்த வருஷம் ரெண்டாம் வகுப்பு. அப்புறம் ஸ்கூலுக்கே பூட்டு. பிள்ளைங்க பெரிய ரோட்டைத் தாண்டி லாரிக்கு நடுவுல நடந்து அடுத்த ஸ்கூலுக்குப் போகணும். அதுக்காகத்தான் அலைஞ்சேன்.

— அலைஞ்சு எத்தனை பேர் சேந்தாங்க?

— பதினஞ்சு. சரியாப் பதினஞ்சு. கடைசியாச் சேந்தது நம்ம டெய்லர் மாஸ்டர் பொண்ணு.

— அந்தப் பொண்ணுக்கும்தான் இந்தப் பிரைவேட்ல இடம் கிடைச்சுது. பணம் கட்ட நாளை வரைக்கும் டைம் இருக்கு. தையல் மெஷினை வித்துடறேன்னு மாஸ்டர் வந்து நின்னாரு, நானே ஆளைப் பிடிச்சுக் கொடுத்தேன். நீ போய்த் தடுத்தே.

— தடுக்காம? அந்த மெஷின்தானே அவர் குடும்பத்துக்குச் சோறு போடுது.

— தடுத்தது சரி. என்ன சொல்லித் தடுத்தே?

— அது எதுக்கு இப்ப?

— சும்மா சொல்லும்மா. கடையில யாரும் இல்ல.

— "எங்க குட்டியும் இந்த ஸ்கூல்லதான் சேரப் போறா, ரெண்டும் ஒரே பெஞ்சுல உக்காரட்டும்"னு சொன்னேன்.

— அடிப்பாவி.

— அப்ப எனக்கு வேற வழி தெரியல. அவர் பேனாவை எடுத்துட்டாரு, ஃபாரத்துல கையெழுத்துப் போடாம என் மூஞ்சியையே பாக்கறாரு.

— அப்படிச் சொன்னவ ஏன் சேக்க மாட்டேங்கறே? அதைச் சொல்லு.

— நான் உள்ள இருக்கறவ. எனக்குத் தெரியும். போன மழையில மேல்காரை பெஞ்சு மேலயே விழுந்துது. நல்லவேளை, அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ரெண்டு வகுப்புக்கு நான் ஒருத்தி. இங்க கூட்டல் போட்டுட்டு இருக்கும்போது அங்க சண்டை. அதைப் பிரிச்சுட்டு வந்தா இங்க ஒருத்தி தூங்கிட்டு இருக்கா. நான் நல்லா நடத்தறேங்க. ஆனா பாதி நேரம்தான் நடத்தறேன். அந்தப் பாதியை என் பொண்ணுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல.

— அதாவது, கறை இருக்கற பக்கத்தை உள்ள மடிச்சு வச்சுட்டு நல்ல பக்கத்தைக் காட்டியிருக்கே.

— உங்க வாயில நல்லதே வராதா?

— கடைக்காரன் வாய்ம்மா, பாத்ததைத்தான் சொல்லும். சரி, வெட்டியாச்சு. சீட்டு எழுதிட்டேன். தையலுக்கு?

— மாஸ்டர்கிட்ட மட்டும் கொடுத்துடாதீங்க. மார்க்கெட் பக்கம் வேற டெய்லரைப் பாருங்க. சீட்டுல குட்டி பேரை எழுதலையே?

— பேர் இல்ல, அளவு மட்டும்தான். பின் குத்தியாச்சு, கூடையில போட்டாச்சு.

— எந்தக் கூடையில?

— அடக் கடவுளே. கைப்பழக்கம். மாஸ்டர் கூடையில போட்டுட்டேன்.

— எடுங்க, எடுங்க!

— அண்ணே, வரலாமா? அடடே, டீச்சரம்மாவும் இங்கதான் இருக்கீங்களா! வீட்டுக்கு வரலாம்னு கிளம்பினேன். நல்லதாப் போச்சு.

— வாங்க மாஸ்டர், வாங்க. ஃபேன் பக்கமா உக்காருங்க.

— உக்காரலண்ணே, மெஷின்ல வேலை அப்படியே கிடக்கு. டீச்சரம்மா, இதைப் பிடிங்க.

— என்ன மாஸ்டர் இது?

— பிரிச்சுப் பாருங்க. நீலம். எங்க வாலுப் பொண்ணுக்குத் தைக்கும்போதே குட்டிக்கும் ஒரு செட் தைச்சுட்டேன். ஒரே துணி, ஒரே நூல், பட்டன் கூட ஒரே அட்டையிலேர்ந்துதான். கூலி கீலின்னு பேசக் கூடாது. நீங்க எங்க வாசலுக்கு வந்து பேசலேன்னா என் மெஷின் போயிருக்கும்.

— குட்டிக்கு... அளவு எடுக்கவே இல்லையே மாஸ்டர்.

— குட்டிக்கு நான் அளவு எடுக்கணுமா? நல்லாச் சொன்னீங்க! பொறந்ததுலேர்ந்து நான்தானே தைக்கறேன். ஒரு நூல் மாறாது, போட்டுப் பாருங்க. எங்க வாலு ரெண்டு நாளாத் தூங்கல. "குட்டி ஜன்னல் பக்கமா, நான் ஜன்னல் பக்கமா"ன்னு ஒரே ரகளை. ஒரு பெஞ்சுக்கு ஒரு ஜன்னல்தான்டீன்னா கேக்க மாட்டேங்கறா.

— மாஸ்டர், நான் உங்ககிட்ட ஒண்ணு...

— அண்ணே, கூடையில ஒரு வேலை இருக்கே. நான் எடுத்துட்டுப் போறேன்.

— அது உங்களுக்கு இல்ல மாஸ்டர், வைங்க. அது... வெளியூர் பார்ட்டி.

— வெளியூர்க்காரங்க இந்த ஸ்கூல் துணியை என்ன பண்ணுவாங்க? குடுங்கண்ணே, திங்கட்கிழமைக்குள்ள வேணும்னாத் தைச்சுடறேன். சீட்டு இருக்கே. ஸ்கர்ட் நீளம் பதினஞ்சு, இடுப்பு இருபத்தொண்ணு... அட, எங்க வாலு சைஸ். தோள் பத்து. இடது தோள்...

— மாஸ்டர், அந்தச் சீட்டை இப்படிக் கொடுங்க.

— ...இடது தோள் அரை இஞ்சு இறக்கம்.

— மாஸ்டர்.

— அண்ணன் கையெழுத்து. பேர் போடல. கட்டில்லேர்ந்து விழுந்து காறை எலும்பு ஒடஞ்சப்ப குட்டிக்கு மூணு வயசு. கட்டுக்கு மேல போடறதுக்குப் பெரிய கை வச்சுச் சட்டை தைச்சுக் கொடுத்தேன். அதுலேர்ந்து எது தைச்சாலும் இடது தோள்ல ஒரு மடிப்புத் துணி வச்சுத்தான் தைக்கறேன், வெளிய தெரியக் கூடாதுன்னு. அந்த அரை இஞ்சு எனக்கும் உங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். வெளியூர்க்காரங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?

— வாய் தவறிடுச்சு மாஸ்டர். இருபது வருஷத்துல சரக்கைப் பத்தி ஒரு பொய் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லிட்டேன்.

— அண்ணனை விடுங்க. டீச்சரம்மா, அன்னைக்கு எங்க வாசல்ல நின்னு சொன்னீங்களே...

— நான் சொன்னதுல ஒண்ணுதான் பொய் மாஸ்டர். மத்ததெல்லாம் நிஜம். கொஞ்சத்தைச் சொல்லாம விட்டுட்டேன், அவ்வளவுதான்.

— அந்தக் கொஞ்சத்தை இப்பச் சொல்லுங்க.

— காரை விழுந்துது. இன்னும் பூசல. ரெண்டு வகுப்புக்கு நான் ஒருத்திதான். இன்னொரு டீச்சரைப் போடச் சொல்லி மூணு தடவை எழுதிட்டேன், பதில் இல்ல. ஆனா சத்தியமாச் சொல்றேன், உங்க வாலை நான் என் பொண்ணு மாதிரி...

— உங்க பொண்ணு மாதிரின்னா, அந்தப் பிரைவேட்லல்ல டீச்சரம்மா இருக்கணும்?

— மாஸ்டர், கோவத்துல பேசாதீங்க.

— கோவம் இல்லண்ணே. கோவப்பட்டா தையல் கோணிடும், நான் கோவமே படறதில்ல.

— சரி மாஸ்டர், நான் இப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்தச் சாம்பல் துணி வேண்டாம். என்னங்க, அதை எடுத்து உள்ள வைங்க. திங்கட்கிழமை குட்டி நீங்க தைச்ச நீலத்தைப் போட்டுட்டு வருவா. உங்க வாலு பக்கத்துல, அதே பெஞ்சுல. போதுமா?

— வேண்டாம்.

— நான் மனசாரத்தான் சொல்றேன்.

— தெரியுது. இப்ப மனசாரச் சொல்றீங்க. ஆனா வீட்டுல உக்காந்து யோசிச்சு, ஃபாரம் வாங்கி, இன்டர்வியூவுக்கு நல்ல புடவை கட்டிட்டுப் போனீங்களே, அதுவும் மனசாரத்தானே?

— அவ அம்மா மாஸ்டர். பயந்துட்டா.

— நானும் அப்பன்தானேண்ணே. எனக்குப் பெருசாப் படிப்பு இல்ல, அளவுச் சீட்டு மட்டும்தான் படிப்பேன். எந்த ஸ்கூல் நல்லதுன்னு எனக்கு என்ன தெரியும்? உங்க கடையில நான் எப்படித் துணி எடுப்பேன்? ரோலைப் பாத்தா எடுப்பேன்? டீச்சரம்மா எதைக் கட்டியிருக்காங்கன்னு பாத்துட்டு, அதுல வெட்டச் சொல்லுவேன். எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

— மாஸ்டர், நீங்க எடுத்துட்டா பதினாலுதான். வகுப்பையே மூடிடுவாங்க. அந்தப் பதினாலு பிள்ளைங்க...

— அவங்க அப்பன்கிட்டயும் இதே மாதிரிதானே டீச்சரம்மா பேசினீங்க? குட்டியோட நீலத்தை வச்சுக்குங்க, திருப்பி வாங்க மாட்டேன். வாலுக்குத் தைச்சதைப் பிரிச்சுக்கறேன், உள்பாவாடைக்கு ஆகும். அண்ணே, இந்தச் சாம்பல்ல இன்னும் ரெண்டு செட் வெட்டுங்க. அதே சீட்டு, அந்த அரை இஞ்சை மட்டும் அடிச்சுடுங்க. அப்புறம், என் மெஷினைக் கேட்ட அந்த ஆளை நாளைக்குக் காலையில வரச் சொல்லிடுங்க, இந்த நாலு செட்டையும் அதுலயே இன்னைக்கு ராத்திரிக்குள்ள தைச்சு முடிச்சுடறேன்.