சர்வருக்கு நல்ல நாள்

காகம் ஏறிவரும் கருணையே காப்பு.

ஆடி மூன்றாம் சனி, வளர்பிறைத் தசமி. குச்சனூர்ப் பேருந்தில் என் முன் இருக்கையில், தேனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் தம் அக்காளிடம் களைத்த குரலில் பேசிவந்தார்.

“ஆறு பேர் எழுதுற புரோகிராம ஒரே இடத்துல சேத்துவைக்க லினக்ஸ் சர்வர் போட்டேன்க்கா. முடிச்ச அன்னைக்குக் கரிநாள். நல்ல நாளா இருக்கட்டும்னு சர்வர்ல தேதிய முந்தின நாளுக்கு மாத்திவச்சிட்டேன்.”

“அதுல என்னலே?”

“அன்னன்னைக்கு எழுதினத மட்டும் இன்னொரு மிஷின் நகலெடுக்கும். சர்வர்ல எல்லாத்துக்கும் முந்தின நாள் தேதி. ஒண்ணையும் எடுக்கல. இப்ப சர்வர் டிஸ்க்கும் போச்சு. ஒரு மாச வேலைக்கா.”

“மொதலாளி வஞ்சாகளா?”

“இல்ல. அடுத்த சர்வருக்குக் கோயில்ல நாள் குறிச்சு வரச்சொல்லி அவுகதான் அனுப்பினாக.”

படிப்போர் அனைவரின் உழைப்பும் பழுதின்றி நிலைப்பதாக.